வகுப்பறைக் கேள்விகள்: ‘மாணவர் செயல்’ பத்தியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பி.எட். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதியவை. பள்ளிகளுக்கு இன்டர்ன்ஷிப் போயிருக்கிற காலம், எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: வகுப்பை எப்படி அடக்குவது? மதுரையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பள்ளியில் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்பதால் பெயர்களைப் போடவில்லை.

டீச்சர், மேலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, 48 பேர். ரெக்கார்டில் (கல்லூரிக்குக் காட்டுகிற பயிற்சி நோட்டு) பாடக்குறிப்பை அழகாக எழுதி, கல்லூரியில் ‘வெரி குட்’ வாங்கியிருக்கிறேன். வகுப்புக்குள் போனால் முதல் பத்து நிமிடம் “உட்காருங்க, பேசாதீங்க” என்பதிலேயே போய்விடுகிறது. எனக்குச் சின்னக் குரல் வேறு. என்ன செய்வது?
– பி.எட். மாணவி, மேலூர்

குரலை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அந்த ‘வெரி குட்’ வாங்கிய பாடக்குறிப்பை எடுத்து, ‘ஆசிரியர் செயல்’ பத்திக்குப் பக்கத்தில் ‘மாணவர் செயல்’ என்று கட்டம் கட்டி ஒரு பத்தி போட்டிருப்பீர்களே, அதை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். “கவனிக்கின்றனர்”, “உற்றுநோக்குகின்றனர்”, “விடையளிக்கின்றனர்”, மறுபடியும் “கவனிக்கின்றனர்”. சரிதானே? வழிகாட்டி ஆசிரியராக நான் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. ‘ஆசிரியர் செயல்’ பத்தி பக்கம் நிரம்பி வழியும், பக்கத்துப் பத்தியில் ஒற்றைச் சொல். அதாவது முக்கால் மணி நேரத்தில் அந்த 48 பேரும் செய்வதற்கு நீங்கள் எதையுமே வைக்கவில்லை. பதினான்கு வயதுப் பையனுக்குக் கவனிப்பது மட்டுமே வேலை என்றால், தன் கைக்கு ஒரு வேலையை அவனே தேடிக்கொள்வான். முன்னால் இருப்பவன் சட்டையில் பேனாவால் கோடு போடுவான், பக்கத்தில் இருப்பவன் ஜியாமெட்ரி பாக்ஸை ஒளித்து வைப்பான். அதைத்தான் நாம் ஒழுங்கீனம் என்கிறோம்.

அதனால் அந்தப் பத்தியை முதலில் எழுதுங்கள், ஆசிரியர் செயலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஐந்தாறு நிமிடத்துக்கும் பிள்ளையின் கையோ வாயோ என்ன செய்கிறது என்று எழுத வேண்டும்: நோட்டில் எழுதுகிறான், அளக்கிறான், படத்தில் பெயர் குறிக்கிறான், புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைத் தேடுகிறான், பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக் காட்டுகிறாள். ‘கவனிக்கின்றனர்’ என்ற சொல் ஒரு பாடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் பேனாவை எடுத்து அடியுங்கள்.

இனி அந்த முதல் பத்து நிமிடம். ரெக்கார்டில் ‘ஆர்வமூட்டல்’ என்று ஒன்று எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். “பள்ளிக்கு எதில் வருகிறீர்கள்? பஸ்ஸில். பஸ் எதனால் ஓடுகிறது?” என்று கேள்வி கேட்டுக் கேட்டுத் தலைப்புக்குக் கொண்டுவருவது. மைக்ரோ டீச்சிங்கில் உங்கள் தோழிகள் பிள்ளைகளாக உட்கார்ந்து சமர்த்தாகப் பதில் சொல்லும்போது அது நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பயிற்சிமுறையே 1963 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு திறனைத் தனியாகப் பிரித்துப் பழகுவதற்காக உருவானது, ஆறேழு நிமிடத்துக்கும் நாலைந்து பேருக்கும்தான் அது சரி. 48 பேர் இருக்கிற வகுப்பில் முன்பெஞ்சு மூன்று பேர் பதில் சொல்வார்கள், மற்ற 45 பேருக்கு அது இடைவேளையின் நீட்சி.

பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். உள்ளே போனதும் எதுவும் பேசாமல் போர்டின் இடது மூலையில், தினமும் அதே மூலையில், இரண்டு வேலை எழுதுங்கள். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, யாராலும் செய்ய முடிந்தது. இன்னொன்று இன்றைய பாடத்துக்கு வழி திறப்பது. அளவீடு பாடம் என்றால், “உன் பெஞ்சு உன் சாணுக்கு எத்தனை சாண்? பக்கத்தில் இருப்பவர் சாணுக்கு எத்தனை?” அவர்கள் அளந்து எழுதும்போது நீங்கள் வருகைப் பதிவை முடித்துவிடலாம், பெயர் கூப்பிடத் தேவையில்லை, காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும். “எனக்கு ஒன்பது, உனக்கு எப்படிடா பதினொன்று வரும்?” என்று சண்டை கிளம்பும். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள், அது பாடத்தின் சத்தம். பொதுவான ஓர் அலகு ஏன் வேண்டும் என்று நீங்கள் சொல்ல வந்ததை அவர்களே ஆரம்பித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். பரவாயில்லை, எழுதியவர்களின் நோட்டைப் பார்த்து ஒரு டிக் போட்டுக்கொண்டே போங்கள். மூலையில் வேலை இருக்கும் என்று பழகிவிட்டால் உங்கள் சின்னக் குரலுக்கு அந்த நேரத்தில் வேலையே இருக்காது.

ஜேக்கப் குனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். நன்றாக நடக்கிற வகுப்பின் ஆசிரியரும் குழம்புகிற வகுப்பின் ஆசிரியரும், பிள்ளை சேட்டை செய்த பிறகு கண்டிக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார். வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்தது: கண் எல்லாப் பக்கமும் இருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இடறாமல் போவது, ஒருவரைக் கேட்கும்போதே மற்றவர்களையும் வேலையில் வைத்திருப்பது. கண்டிக்கிற முறையைப் பற்றித்தான் நாம் ஸ்டாஃப் ரூமில் மணிக்கணக்காகப் பேசுகிறோம்.

டீச்சர், திருமங்கலம் அருகே பயிற்சியில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வெர்னியர் அளவி (சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் கருவி) நடத்தினேன். பள்ளியில் ஒழுங்காக வேலை செய்வது இரண்டே இரண்டு. வரிசையாகக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் வகுப்பைச் சந்தை ஆக்கிவிட்டார்கள், பக்கத்து வகுப்பு சார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இனி செய்முறையே வேண்டாம், போர்டில் வரைந்து நடத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.
– பி.எட். மாணவர், திருமங்கலம்

தம்பி, அப்படி முடிவெடுத்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வகுப்பில் 44 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அளவி, ஒருவருக்கு இரண்டு நிமிடம். மொத்தம் 44 நிமிடம் ஆகிறது, அதில் ஒரு பிள்ளை வேலை செய்வது 2 நிமிடம், சும்மா நிற்பது 42 நிமிடம். சந்தை கூடாமல் பஜனையா நடக்கும்? இந்தக் கணக்கை முந்தின நாள் ராத்திரி போட்டிருந்தால் செய்முறையைக் கைவிட மாட்டீர்கள், கருவியை மாற்றியிருப்பீர்கள்.

வெர்னியரைக் காகிதத்தில் செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இருந்தால் போதும், நம் ஊரில் எந்த வீட்டிலும் பரண் நிறைய இருக்கும். ஒரு நீளப் பட்டையில் 1 செ.மீ. இடைவெளியில் 0 முதல் 16 வரை கோடு போட்டால் அது முதன்மைக் கோல். இன்னொரு பட்டையில் 9 செ.மீ. நீளத்தைப் பத்துச் சம பாகமாக, அதாவது 0.9 செ.மீ.க்கு ஒரு கோடாகப் போட்டால் அது வெர்னியர் கோல். இதன் மீச்சிற்றளவு, அதாவது இதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 செ.மீ., உண்மையான அளவியில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு பெரிது, அதனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஓர் அழிப்பானை முதன்மைக் கோலின் சுழியிலிருந்து வைத்து, அது முடிகிற இடத்தில் வெர்னியரின் சுழியை ஒட்ட வையுங்கள். அழிப்பான் 3.4 செ.மீ. என்றால் வெர்னியரின் நான்காவது கோடு முதன்மைக் கோலின் 7-ஐத் தொட்டு நிற்கும். ஏன் என்று பிள்ளையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 3.4-உடன் நான்கு தடவை 0.9, கூட்டினால் 7. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. விடை சரியா என்று உங்களிடம் ஓடி வர வேண்டாம், சாதாரண ஸ்கேலை வைத்து அவர்களே பார்த்துக்கொள்வார்கள். “டீச்சர் இது சரியா”, “சார் இங்க வாங்க” என்ற கூச்சலில் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

பாடக்குறிப்பில் இதை இரண்டு பீரியடாகப் பிரியுங்கள். முதல் நாள் காகித வெர்னியர், பெஞ்சுக்கு ஒன்று. இரண்டாம் நாள் அசல் அளவிகள் இரண்டையும் இரண்டு மூலையில் வைத்து, இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழிப்பான், பேனா மூடி, சாக்பீஸ் துண்டு என்று ஏழு செ.மீ.க்குள் இருக்கும் நாலு பொருளை அளந்து அட்டவணை நிரப்ப வேண்டும். ஏழு செ.மீ.க்கு மேல் போனால் வெர்னியர் பட்டை முதன்மைக் கோலை விட்டு வெளியே போய்விடும். மூலைக்குப் போய் வந்தவர் அசல் அளவை அதே அட்டவணையில் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

அப்புறம் பொருள் கொடுப்பது. பயிற்சி ஆசிரியர்களின் பாடக்குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை, ஆனால் வகுப்பு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு “இப்ப எல்லாரும் இங்க கவனிங்க” என்றால் எவன் கவனிப்பான்? முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அதை ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், போர்டில் சுருக்கமாக எழுதுங்கள், கடைசியாகப் பொருளைக் கொடுங்கள். கத்தரிக்கோல் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பெஞ்சின் ஓரத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்வார், அவரே திருப்பித் தருவார். வாங்க 2 நிமிடம், கொடுக்க 2 நிமிடம் என்று பாடக்குறிப்பில் தனி வரியாகவே எழுதிவிடுங்கள். பரிசோதிக்க வருபவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தினமும் இப்படி எழுத நேரம் எங்கே இருக்கிறது? ரெக்கார்டு, சார்ட், டீச்சிங் எய்டு, இதற்கு மேல் இதுவுமா?
– பயிற்சி ஆசிரியர், ஒத்தக்கடை

ரெக்கார்டில் கேட்டபடி ரெக்கார்டை எழுதுங்கள், அது மதிப்பெண்ணுக்கு. கையில் வைத்துக்கொள்ள அரைத்தாள் தனி. அதில் நாலே விஷயம்: நுழைந்ததும் என்ன வேலை, பொருள் எப்போது எப்படிக் கைமாறும், சீக்கிரம் முடித்தவனுக்கு என்ன, மணி அடிப்பதற்கு முன் கடைசியாக என்ன எழுதுவார்கள். பஸ்ஸில் மாட்டுத்தாவணி வருவதற்குள் எழுதிவிடலாம். 16 வாரப் பயிற்சி முடியும்போது ரெக்கார்டு கல்லூரிக்குப் போய்விடும், வேலைக்குப் போன பிறகு உங்களுக்கு உதவப்போவது அந்த அரைத்தாள்கள்தான்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு பள்ளி. எனக்கு எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாள் கடைசி பீரியடு. பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் பையை மாட்டிக்கொண்டு மணிக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?
– பி.எட். மாணவி, உசிலம்பட்டி

தூங்குகிற பிள்ளைகள் யார் யார் என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் அதிகம். மொட்டாக இருக்கும்போதே பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டு, அப்புறம் குளித்துப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளை சாயங்காலம் மூன்றரை மணிக்குத் தலையைச் சாய்த்தால் அது உங்கள் பாடத்துக்கு மரியாதைக் குறைவு ஆகாது. எழுப்பி நிற்க வைப்பதால் பிரயோஜனமும் இல்லை.

கடைசி பீரியடுக்கு வரிசையைத் தலைகீழாக்குங்கள். காலையில் விளக்கம், பிறகு பயிற்சி என்று போகலாம். மத்தியானத்தில் முதல் எட்டுப் பத்து நிமிடம் எழுந்து நடக்கிற வேலை: சுவரில் நாலு இடத்தில் நாலு கேள்வியை ஒட்டி வையுங்கள், இரண்டிரண்டு பேராக நோட்டோடு போய் எழுதிவிட்டு வரட்டும். விளக்கம் நடுவில், அதுவும் பத்து நிமிடத்துக்குள். கடைசிப் பத்து நிமிடம் கட்டாயம் எழுத்து வேலை, அதைக் காட்டிவிட்டுத்தான் பையை மூட வேண்டும். பை மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு மருந்து அதுதான், “பையை இறக்கு” என்று கத்துவது இல்லை. கணக்கில் கடினமான புது விஷயத்தையோ இலக்கணத்தில் புது விதியையோ இந்த பீரியடில் தொடங்காதீர்கள், வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பி.டி. பீரியடுக்கு அடுத்த வகுப்பு என்றால் தண்ணீர் குடிக்க மூன்று நிமிடத்தைத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள், எப்படியும் அது போகத்தான் போகிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடையும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது, ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஐந்தில் காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வரக்கூடும். பன்னிரண்டு மணிக்கு மேல் எரிந்து விழுகிற பிள்ளையிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தனியாகக் கேளுங்கள், வகுப்பு நடுவில் வேண்டாம்.

என் வழிகாட்டி ஆசிரியர், “கம்பு இல்லாம இந்தப் பயலுகள மேய்க்க முடியாது தம்பி” என்று ஒரு கம்பையே கையில் கொடுத்துவிட்டார். வாங்காமல் இருந்தால் அவருக்குக் கோபம், வாங்கினால் எனக்குப் பயம்.
– பி.எட். மாணவர், வாடிப்பட்டி

வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அடிப்பது மட்டும் இல்லை, “மக்கு”, “உங்க அப்பன் மாதிரி மாடு மேய்க்கப் போ” என்பதும் அதற்குள் வரும். சட்டத்தை விடுங்கள், நடைமுறையாகவே யோசியுங்கள். கம்புக்கு அமைதியாக இருக்கும் வகுப்பு, கம்பு வெளியே போனதும் அந்த அமைதியை உங்கள் தலையில்தான் இறக்கி வைக்கும். அவருக்கு அடங்குவதும் உங்களிடம் ஆடுவதும் அதனால்தான்.

அதற்காக அவரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். அந்த மனிதருக்கு உங்களுக்குத் தெரியாத ஒன்று நிச்சயம் தெரியும், எந்தப் பாடத்தில் எந்த வரியில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பது. அடுத்த வாரப் பாடக்குறிப்பை எடுத்துக்கொண்டு போய், “சார், இதில் எங்கே குழம்புவாங்க?” என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரம் சொல்வார். புரியாத இடத்தில்தான் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கிறார்கள் என்பதால், அவர் காட்டுகிற இடத்திலேயே ஒரு சின்னப் பயிற்சியை வைத்துவிடலாம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். நான் திரும்பினால் போதும், வாடிவாசல் மைக்கில் அறிவிப்பது மாதிரி, “மாடு வருது, மாடு வருது, தொட்டுப் பாரு” என்று ஆரம்பிக்கிறான். மொத்த வகுப்பும் சிரிக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அவனையே லீடராக்கிவிடு, சரியாகிவிடுவான் என்கிறார்கள்.
– பி.எட். மாணவி, அலங்காநல்லூர்

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், ஒரு தடவை. லீடராக்குகிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் வேலை செய்யும், அப்புறம் ஒழுங்காக இருக்கிற பிள்ளைகளுக்கு, “அப்ப நாமும் கத்தினால்தான் பதவி போல” என்று தோன்றும்.

நீங்கள் எப்போது திரும்புகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். போர்டில் நாலு வரி எழுத மூன்று நிமிடம் முதுகைக் காட்டினால் அவனுக்கு அது மேடை. நீண்ட குறிப்பை முந்தின நாளே சார்ட்டில் எழுதிவிடுங்கள், போர்டில் சின்னச் சின்னதாக, பக்கவாட்டில் நின்றபடி எழுதுங்கள்.

அடுத்தது, அவனுக்கு வாசிக்கத் தெரிகிறதா? கேலியாகக் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மரத்தடியில் வைத்து நாலாம் வகுப்புப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நன்றாகப் பேசுகிற, சட்டென்று பதில் சொல்கிற பிள்ளைகள் சிலர் எழுத்தைக் கண்டால் பின்வாங்குவார்கள். “பாடத்தை வாசித்து விடை எழுது” என்று நீங்கள் சொல்கிற நிமிடத்தில்தான் மாடு வரும், கவனித்துப் பாருங்கள். அப்படியானால் உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும்: வாசித்து எழுதுவது ஒன்று, படம் வரைந்து அம்புக்குறி போடுவது, பொருத்துவது, சொல்லிக் காட்டுவது போல இன்னொன்று. இரண்டும் ஒரே பாடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும், எளிய வாசல் என்று தலைப்புப் போட்டு யாரையும் கூச வைக்கக்கூடாது. முந்தின நாளே அவனிடம் ரகசியமாக, “நாளைக்கு வேகம் பற்றி இந்தக் கேள்வியை உன்கிட்டதான் கேட்பேன்” என்று சொல்லிவிடுங்கள். வாடிவாசலிலிருந்து காளை 15 மீட்டர் தூரத்தை 3 நொடியில் கடந்தால் வேகம் என்ன என்று கேளுங்கள், நொடிக்கு 5 மீட்டர் என்று கணக்கை அவனே விளக்கட்டும். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், எல்லாப் பாடத்திலும் காளையை அவிழ்த்துவிட்டால் டீச்சர் நம்மைச் சமாளிக்கிறார் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

கண்டிக்க வேண்டி வந்தால் பக்கத்தில் போய் நின்று, நோட்டைக் காட்டி, “மூணாவது கேள்வி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். “ஏன்டா இப்படிப் பண்றே?” என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், அவன் பதில் சொல்வான், அது உங்கள் கேள்வியைவிட நன்றாக இருக்கும்.

இதற்கெல்லாம் அடங்காத விஷயங்களும் உண்டு. உடம்பில் காயம், அடிக்கடி லீவு, திடீரென்று பேச்சே நின்றுபோவது, இவற்றைப் பாடக்குறிப்பால் சரிசெய்ய முடியாது. நீங்களே விசாரணை நடத்தாமல் வகுப்பாசிரியரிடமும் ஹெச்.எம்.மிடமும் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417, இரண்டும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் ஒரு கேள்வி கேட்டால் அறுபது பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஆர்வம்தானே என்று விட்டால் ஹெச்.எம். அறை வரைக்கும் கேட்கிறது.
– பயிற்சி ஆசிரியர், மதுரை நகரம்

கத்துவது அறுபது பேர் இல்லை, பதினைந்து பேர் இருப்பார்கள், மற்றவர்கள் வாயசைக்கிறார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், “நோட்டில் எழுதுங்க, வாயைத் திறக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள், காத்திருங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விடுமுறை. காத்திருப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடி ஆக்கினாலே விடைகள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் 1970-களில் காட்டினார். மனதுக்குள் “ஒண்ணு, ரெண்டு, மூணு” எண்ணுங்கள், ரொம்ப நீளமாகத்தான் தோன்றும். வகுப்பில் கேட்கப்போகும் முக்கியக் கேள்விகள் மூன்றையும் அரைத்தாளில் முழு வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள், நின்ற இடத்தில் யோசித்தால் ‘ஆமாம்’, ‘இல்லை’ கேள்விதான் வாயில் வரும், அதுதான் கூட்டாகக் கத்த வசதியானது. “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். “புரிஞ்சுது டீச்சர்” என்பது வணக்கத்துக்குப் பதில் வணக்கம் மாதிரி.

பாடம் பதினைந்து நிமிடம் முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பதினைந்து நிமிடம்தான் நரகம்.
– பி.எட். மாணவி, திருப்பரங்குன்றம்

மணி அடிக்காமல் பாடம் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நடத்தியதிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு கேள்வி தயாரித்துப் பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் விடை எழுதித் திருப்பித் தர, கேட்டவரே திருத்த வேண்டும். இதற்குப் பொருளும் வேண்டாம், தயாரிப்பும் வேண்டாம், பத்து நிமிடம் தாராளமாகப் போகும், நல்ல கேள்விகள் சிலவற்றை நாளை போர்டு மூலைக்கு எடுத்துக்கொள்ளலாம். யாரோ லீவு என்று திடீரென்று உங்களை வேறு வகுப்புக்கு அனுப்பும்போதும் இது கைகொடுக்கும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் இப்படி மிஞ்சினால் நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம், பிள்ளைகள் எழுத வேண்டிய இடத்தில் நீங்களே விடையைச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள்.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் பார்க்க வருகிற நாளில், ஏற்கெனவே நடத்திய பாடத்தையே மறுபடி நடத்திவிடலாமா? என் தோழிகள் அப்படித்தான் செய்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்றவர், மதுரை

செய்கிறார்கள், தெரியும். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள், அதிலேயே பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்துவிடும், அவரும் இந்த வழியாக வந்தவர்தானே. புதுப் பாடத்தையே எடுங்கள். பாடக்குறிப்பின் நகல் ஒன்றைக் கடைசி பெஞ்சில் அவருக்காக வைத்துவிட்டு, “மேடம், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும்போது கடைசி இரண்டு பெஞ்சும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் நின்றுகொண்டு அதை உங்களால் பார்க்க முடியாது. “குரல் நன்று, கரும்பலகை எழுத்து நன்று” என்று வழக்கமாக எழுதிவிட்டுப் போகிற இடத்தில் உங்களுக்கு உதவுகிற மாதிரி இரண்டு வரி கிடைக்கும்.